இரண்டு சொட்டுக் கறுப்பு

பெயின்ட் கடையில் நிறம் கலப்பது என் வேலை. போன வருஷம் ஒரு மஞ்சளில் கை தவறி இரண்டு சொட்டுக் கறுப்பு கூடுதலாக விழுந்துவிட்டது. எந்த நிற அட்டையிலும் இல்லாத நிறம், யார் வாங்குவார்கள்? வீட்டுக்குக் கொண்டுபோய் என் படுக்கையறைக்கு அடித்துவிட்டேன். தனிக்கட்டைக்கு அது போதும்.

இன்று காலை ஓர் அம்மா, சுவரிலிருந்து உரிந்த சில்லு ஒன்றை நீட்டினார். "இதே கலர்ல ஒரு டப்பா குடுங்க தம்பி."

நிறம் பார்க்கும் மெஷினில் வைத்தேன். அதே மஞ்சள். கூடுதலாக இரண்டு சொட்டுக் கறுப்பு.

"இது எந்தச் சுவரும்மா?"

"பீரோவுக்குப் பின்னாடி. பசங்க நகத்தால சுரண்டிட்டாங்க."

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். வீட்டுச் சாவி இருந்தது.

கலந்து கொடுத்தேன். டப்பாவை வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"கவலப்படாதீங்க தம்பி, சாயங்காலம் நீங்க வர்றதுக்குள்ள காஞ்சிடும்."