பத்துக்குப் பத்து

தாழ்வாரத்தில் ஒருவரும் இல்லை. அந்த அம்மையார் ஆறாம் அறையின் வாசலில் ஒரு கணம் நின்றார். ‘கைகளைக் கழுவிய பின் உள்ளே வரவும்’ என்ற அறிவிப்பு ஒரு பக்கம் சரிந்திருந்தது; அதை நிமிர்த்தி ஒட்டிவிட்டு, பூனை போல உள்ளே நுழைந்தார்.

கட்டிலில் கிடந்தவர் உறங்குகிறார் என்பதை இருமுறை உறுதி செய்துகொண்டார். பின்னரே பையிலிருந்து அந்தச் சிறு குப்பி வெளியே வந்தது. நிறமற்ற திரவத்தில் ஒரு துளியைத் தொட்டு, நோயாளியின் தண்ணீர்க் குவளை இருந்த மேசையின் அடிவிளிம்பில் பூசினார்.

வாசகர்கள் பதற வேண்டாம், அது நஞ்சன்று. அம்மையார் அந்த மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புச் செவிலியர். அவர் பூசிய திரவம் வெறும் கண்ணுக்குப் புலப்படாது; ஊதா விளக்கின் கீழ் மட்டும் மின்மினி போல ஒளிரும். துப்புரவுப் பணியாளர் துடைத்த இடத்தில் ஒளி இராது. துடைக்காத இடமோ தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும்.

பத்து இடங்களில் வைத்தால் மூன்றேனும் மிஞ்சும் என்பது அவருடைய பன்னிரண்டு ஆண்டு அனுபவம். நேற்று இந்த அறையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நெருப்பில்லாமல் புகையுமா? அம்மையாருக்கு இரவெல்லாம் உறக்கம் பிடிக்கவில்லை.

ஆகவே இன்று எவரும் எண்ணிப் பாராத இடங்களைத் தேர்ந்தெடுத்தார். அழைப்பு மணிக் கயிற்றின் பின்புறம், கட்டில் கம்பியின் உட்பக்கம், சலைன் பாட்டில் தொங்கும் கொக்கி என்று பத்தும் முடிந்தன. காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்த பேருந்து நடத்துநர், சீரான குறட்டையோடு ஒத்துழைத்தார்.

நண்பகலில் தலைமை மருத்துவரையே நேரில் அழைத்து வந்து, திரைகளை இழுத்து மூடி, ஊதா விளக்கை ஏற்றினார். மேசை இருண்டிருந்தது. கம்பி இருண்டிருந்தது. கொக்கியும் இருண்டிருந்தது.

“பாருங்க டாக்டர், ஒரு பொட்டுகூட இல்ல!”

“நல்ல விஷயம்தானே சிஸ்டர்? அதுக்கு ஏன் இஞ்சி தின்ன மாதிரி முகத்தை வெச்சிருக்கீங்க?”

“நம்ம ஆஸ்பத்திரியில இதுவரைக்கும் யாரும் பத்துக்கு ஏழைத் தாண்டினதே இல்ல டாக்டர். எங்கெங்க வெச்சேன்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. பரீட்சைக்கு முன்னாடியே கேள்வித்தாள் வெளிய போயிடுச்சு!”

அந்த அறையைத் துடைக்கும் பெண்மணி அழைத்து வரப்பட்டார். கையில் வாளியில்லாமல் அவரை எவரும் கண்டதில்லையாதலால், மருத்துவமனை முழுமைக்கும் அவர் வாளியக்கா. விளக்கையும் மருத்துவரையும் மாறி மாறிப் பார்த்து மிரண்டு நின்றார்.

“உண்மையைச் சொல்லுங்க வாளியக்கா. இங்க எங்கெங்க துடைக்கணும்னு யாராவது உங்களுக்குச் சொன்னாங்களா?”

“நான் எப்பவும் எல்லாத்தையும்தான் துடைப்பேன் சிஸ்டர்.” வாளியக்கா கையிலிருந்த துணியைப் பிழிந்தார். அது ஏற்கெனவே உலர்ந்திருந்தது. “ஆனா... சில எடத்தை ரெண்டு தடவை துடைக்கச் சொன்னாங்க.”

“கேட்டீங்களா டாக்டர்? யாரு சொன்னது?”

“அது வேண்டாமே சிஸ்டர். வெளிய தெரிஞ்சா ஒருத்தருக்கு அவமானமாப் போயிடும்.”

அம்மையார் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். வாளியக்காவைக் கீழ்த்தளத்துச் சலவைக்கூடத்துக்கு மாற்றும் ஆணை. கையொப்பம் ஒன்றே பாக்கி. அந்தக் கூடத்தின் நீராவியில் சென்ற முறை வாளியக்கா பத்தே நாள் நின்றார். மூச்சிரைத்து ஒரு மாதம் படுத்துவிட்டார்.

“அந்த ஆவியில எனக்கு மூச்சே வராதே சிஸ்டர்!”

“அப்ப பேரைச் சொல்லுங்க.”

வாளியக்கா வாயைத் திறந்தார், அம்மையாரின் முகத்தை ஒருமுறை பார்த்தார், மூடிக்கொண்டார். தலைமை மருத்துவர் பெருமூச்செறிந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.

குறட்டை சட்டென்று நின்றது.

“பேனாவை மூடுங்க டாக்டர். சொன்னது நான்தான்” என்றார் நடத்துநர், கண்களைத் திறந்து.

அம்மையார் திடுக்கிட்டார். “நீங்க தூங்கிட்டுல்ல இருந்தீங்க!”

“கண்ணை மூடிக்கிட்டா ஊசி போடாம போயிடுவாங்கன்னு ஒரு நப்பாசை. டிக்கெட் எடுக்காதவங்க எல்லாம் நான் பக்கத்துல போனா இப்படித்தான் தூங்குவாங்க. முப்பது வருஷமா பாத்துப் பாத்து நானும் கத்துக்கிட்டேன்.”

“அப்ப ரெண்டு நாளும் நான் பூசின திரவத்தை ஒளிஞ்சு பாத்திருக்கீங்க!”

“திரவமா? கண்ணாடி இல்லாம எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்? உங்க கை எங்கெங்க படுதுன்னு மட்டும் எண்ணினேன். நேத்துப் பத்து, இன்னிக்குப் பத்து. நீங்க அந்தப் பக்கம் போனதும் அக்காவைக் கூப்பிட்டு வரிசையாச் சொல்லிட்டேன்.”

தலைமை மருத்துவர் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அம்மையாருக்கு இன்னும் விளங்கவில்லை. “என் கை பட்ட எடத்தை நீங்க எதுக்கு எண்ணணும்?”

நடத்துநர் தம் காலில் இருந்த பதினெட்டுத் தையல்களைக் காட்டினார். பிறகு, டிக்கெட் எடுக்காத பயணியைப் பிடித்துவிட்டவரின் அதே குரலில் சொன்னார்:

“கை கழுவாம உள்ள வந்தது நீங்க ஒருத்தர்தானே, சிஸ்டர்!”