விளக்குச் சோதனை

"இன்னும் கொஞ்சம் வேகமா வைங்க தம்பி. அன்னைக்கு இதைவிட வேகமா அடிச்சுது."

தலை முழுக்க ஒயர் ஒட்டிக்கொண்டு படுத்திருந்த டிரைவர் இப்படிச் சொன்னதும், மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்கிற அந்த அறையில் அவருக்குப் பதினோரு வருஷ அனுபவம். சொந்தப் பெயர் மறந்துபோய், ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் 'ஒயர்காரர்' ஆகிவிட்டிருந்தார்.

முகத்துக்கு நேரே ஒரு விளக்கை வைத்து, வினாடிக்குப் பத்து, பதினைந்து, இருபது முறை என்று விட்டு விட்டு எரிய விடுவார். உள்ளே வலிப்பு ஒளிந்திருந்தால் அந்த வெளிச்சத்தில் தலைகாட்டிவிட வாய்ப்பு உண்டு. அதனால் லைசென்ஸ் பறிபோய் வருகிற டிரைவர்கள் செய்யாத தில்லாலங்கடி கிடையாது. ஒருவர் யாரோ சொன்ன மாத்திரையை விழுங்கிவிட்டு வருவார். இன்னொருவர் விளக்கு எரிந்ததும் பாத்ரூம் போகணும் என்பார். வேகம் போதாது என்று கேட்டவர் இவர்தான் முதல்.

"எதுக்குண்ணே வீண் வம்பு? இதுவே போதும்."

"சந்தேகம் துளிகூட மிச்சம் இருக்கக் கூடாது. வைங்க."

கதவோரம் ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கூட வருகிற மனைவிமார்களை ஒயர்காரர் வெளியே அனுப்பிவிடுவது வழக்கம். விளக்கு எரிந்ததும் அவர்கள்தான் முதலில் அழுவார்கள். இவளோ உள்ளேதான் இருப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்று இடம் பிடித்தவள்.

"நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றார் ஒயர்காரர்.

"அவர் கேக்கிற மாதிரியே போடுங்க."

நல்ல ஜோடிதான் என்று நினைத்துக்கொண்டு குமிழைத் திருப்பினார்.

டிரைவரின் கதை ஃபைலில் நாலே வரியில் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்னால், மத்தியானம் மூன்று மணிக்கு, பயணிகளை இறக்கிவிட்டு டிப்போவுக்குத் திரும்பும்போது பஸ் சாலையை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. எப்படி என்று அவருக்கே தெரியவில்லை. வரிசையாக நின்ற மரங்களுக்கு இடையே வெயில் விட்டு விட்டு முகத்தில் அடித்தது, அப்புறம் ஆஸ்பத்திரியில் கண் விழித்தார், அவ்வளவுதான் ஞாபகம். இதயத்தில் கோளாறு இல்லை. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. மிச்சம் இந்த விளக்குதான். இதில் வலிப்பு அலை எழும்பினால் இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது. எழும்பாவிட்டால் வண்டி கைக்கு வந்துவிடும்.

வேகம் கூடியது. அறை முழுக்க வெளிச்சம் படபடத்தது. திரையில் கோடுகள் ஒழுங்காகவே ஓடின. மூன்று நிமிடம் ஆழமாக மூச்சு இழுத்து விடச் சொன்னார். டிரைவர் நான்கு நிமிடம் விட்டார். மறுபடி விளக்கு. ஒன்றுமில்லை. சரி, முடிந்தது என்று ஒயர்காரர் எழுந்தபோது, டிரைவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"இதுல என்ஜின் சத்தம் பிடிச்சு வெச்சிருக்கேன். அதே மாடல் வண்டி, அதே நாலாவது கியர். காதுகிட்ட வெச்சுட்டு இன்னொரு தடவை விளக்கைப் போடுங்க."

விதியில் இல்லாத வேலை. சோதனைக்கு முந்தின இரவு தூங்கக் கூடாது என்பதுதான் விதி, அதை இந்த மனிதர் பொட்டுக்கூடக் கண் மூடாமல் கடைப்பிடித்திருந்தார். பயத்தை நேருக்கு நேர் நின்று விரட்டுகிறவரை நாம் ஏன் தடுக்க வேண்டும் என்று ஒயர்காரருக்கு மனம் இளகிவிட்டது. போனைத் தலையணைமேல் வைத்தார். என்ஜின் ஒரே சீராக உறுமியது. விளக்கு படபடத்தது. அந்தப் பெண் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கோடுகளின் வேகம் மெல்லக் குறைந்தது. பிறகு அவை அகலம் அகலமாக வளைந்து ஓட ஆரம்பித்தன. ஒயர்காரர் பதறிப்போய் டிரைவரைப் பார்த்தார், பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மனிதர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

விளக்கை அணைத்துவிட்டு, தோளைத் தட்டி எழுப்பினார். ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஒயர்காரர் மூச்சு விடக் கூடாது. பதினோரு வருஷமாக அந்தக் கட்டுப்பாட்டை அவர் மீறியதே இல்லை. இந்தத் துணிச்சல்காரருக்காக ஒருமுறை மீறினால் என்ன, நல்ல சேதிதானே என்று தோன்றியது.

"நீங்களே பாத்தீங்களேக்கா, வலிப்புன்னு சொல்ல ஒரு கோடுகூட இல்ல. டாக்டரும் இதையேதான் சொல்லுவார். சத்தமும் வெளிச்சமும் சேர்ந்ததும் அண்ணன் அசந்து தூங்கிட்டார், வேற ஒண்ணுமில்ல. சீக்கிரமே உங்க வீட்டுக்காரர் வண்டி எடுத்துடலாம்."

இருவரும் சிரிக்கவில்லை. டிரைவர் ஒயர்களோடு எழுந்து உட்கார்ந்தார்.

"இவங்க வீட்டுக்காரர் என்னோட கண்டக்டர், தம்பி. அன்னைக்கு முன்சீட்டுல இருந்தார், பிழைக்கல" என்றவர் அவள் பக்கம் திரும்பினார். "நோய்னா மன்னிச்சுடறேன், தூக்கம்னா முடியாதுன்னு சொன்னீங்க. தூக்கம்தாம்மா. வாங்க, ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துடறேன்."