விளிம்பு வரை

அல்மாத்தி நகரின் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் நேர்முகத்தின் ஒவ்வொரு சுற்றிலும், கேள்வி கேட்பவர்களுக்கு நடுவே ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. அதன் முன்னால் ஒரு கிண்ணம் பால் தேநீர் வைப்பார்கள். கேள்விகள் முடிவதற்குள் கிண்ணமும் காலியாகிவிடும். யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஒரு வருடமாக வேலை தேடி அலைந்த அக்மராலும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

கடைசிச் சுற்றில் இயக்குநர் தௌலெத் தேநீர்க் கெண்டியை அவள் பக்கம் தள்ளினார்.

“நீயே ஊத்து தங்கச்சி.”

விருந்தாளிக்குக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாக ஊற்றுவதுதான் அங்கே மரியாதை. அப்போதுதான் மறுபடி மறுபடி ஊற்றி உட்காரவைக்கலாம். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

அக்மரால் மற்றவர்களுக்குக் கொஞ்சமாக ஊற்றினாள். அந்த நாற்காலியிலிருந்து யாரோ தன்னை எடைபோடுவதுபோல் முதல் சுற்றிலிருந்தே அவளுக்கு உடம்பு கூசிக்கொண்டிருந்தது. “போதும்” என்று முணுமுணுத்தபடி அந்தக் கிண்ணத்தைத் தளும்பத் தளும்ப நிரப்பினாள்.

தேநீர் மெல்ல இறங்கியது. கடைசிச் சொட்டும் போனதும் நாற்காலி பின்னால் நகர்ந்தது. கதவு திறந்து, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

தௌலெத் மேசையைத் தட்டிச் சிரித்தார். “இதுவரை வேலை கேட்டு வந்தவங்க எல்லாரும் மரியாதை பாத்துக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி, மனுஷனை எழுந்திரிக்கவே விடல!”

“அப்போ என் வேலை, அண்ணே?”

“அவரு பாத்த வேலைதான் அது. போய் உக்காரு.”

அக்மரால் நிமிர்ந்து நடந்துபோய் உட்கார்ந்தாள். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. தௌலெத் அவள் முன்னால் புதுக் கிண்ணம் ஒன்றை வைத்து, அடியில் கொஞ்சமாக ஊற்றினார்.