திருப்பலி அறிவிப்பில் ஒரு பெயர்

பிரேசிலின் சாவ் பாவ்லோவில் மதியத்திலிருந்தே தூறல். மறைமாவட்ட வாரப்பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் நனைந்த கோட்டுகளின் நெடியும் உருகும் ஈயத்தின் நெடியும் கலந்து நிற்கின்றன. ராணுவ அரசின் தணிக்கை அதிகாரி நொகெய்ராவின் சிவப்புப் பென்சில் கடைசிப் பக்கத்தில், யாருக்காகப் பூசை என்று சொல்லும் திருப்பலி அறிவிப்புகளுக்கு மேல் அசையாமல் இருக்கிறது. எதிர் பெஞ்சில் சுல்மீரா அம்மாள். அவர் மகன் எவாந்த்ரோவைக் கார்னிவல் திருவிழாவுக்கு முன்பு ராணுவம் கொண்டுபோனது. இன்னும் தகவல் இல்லை. அவன் நலமாகத் திரும்பத் திருப்பலி என்று அறிவிப்புக் கொடுத்திருக்கிறார்.

"இது முடியாது ஃபாதர்," என்கிறார் நொகெய்ரா, பத்திரிகை ஆசிரியரான பாதிரியார் அன்செல்மோவிடம். "திரும்பி வரணும்னு போட்டா, எங்கே போனான்னு ஊரே கேக்கும். ஆன்ம இளைப்பாற்றிக்காகன்னு மாத்துங்க. உடனே விட்டுடறேன்."

"செத்துட்டான்னு உங்களுக்குத் தகவல் வந்துடுச்சா?"

"செத்தவங்க எழுந்து வருவாங்கன்னு நீங்கதானே சொல்றீங்க. அப்புறம் என்ன?"

அன்செல்மோ மேசை மேலிருந்த தாள்களுக்குள் குனிகிறார். மெய்ப்புத் திருத்துபவனான நானும் தலைநிமிராமல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எந்த வரி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சுல்மீரா கைக்குட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். பக்கத்தில் அவருக்குக் கொடுத்த காபி ஆறிக்கிடக்கிறது.

"எம் பிள்ளையை நானே சாகடிக்க மாட்டேன் ஐயா," என்கிறார். குரல் உயரவில்லை. "செத்தவங்க பேர்தான் வேணும்னா, என் பேரைப் போட்டுக்குங்க."

நொகெய்ரா அவரை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு மகனின் பெயரை அடித்து, மேலே தாயின் பெயரை எழுதி, 'நலமாகத் திரும்ப' என்பதை 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று மாற்றி, முத்திரை குத்தி, தாளை அவர் பக்கம் திருப்புகிறார்.

"எழுத்து சரிதானேம்மா?"

சுல்மீரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்துப் பார்க்கிறார். தலையசைக்கிறார்.