பிரிக்காத கட்டு

சீட்டுக்கட்டைச் சுற்றி ஒட்டியிருந்த முத்திரைத் தாளுக்கு அடியில் அவர் மனைவியின் நகம் நுழைந்தது.

வேண்டாம் என்று அவர் கத்தினார். வாயிலிருந்து எச்சில்தான் வந்தது.

அவள் துண்டால் துடைத்துவிட்டாள். மறுபடி கட்டைக் கையில் எடுத்தாள்.

சர்ரென்று கிழிந்தது.

அவருடைய தாத்தா பிறப்பதற்கு முன்பே எங்கோ ஒரு வெள்ளைக்காரன் அடுக்கி மூடிய சீட்டுகள். கப்பலேறி, கைமாறி, உள்ளே ஒரு விரல்கூடப் படாமல் கோயம்புத்தூர் வரை வந்து சேர்ந்தவை. பிரிக்காமல் இருப்பதுதான் அதன் மதிப்பே. பிரித்துவிட்டால் வெறும் பழைய சீட்டு. பழைய சீட்டு யார் வீட்டில்தான் இல்லை?

அவள் சீட்டுகளை விசிறியாக விரித்து அவருடைய வலது கைக்குள் செருகினாள். பக்கவாதத்தில் விழுந்துபோன கை. சீட்டுகள் நழுவிப் போர்வை மேல் சிதறின. ஒன்று கஞ்சிக் கிண்ணத்துக்குள் விழுந்தது.

"பரவால்லீங்க," என்றாள். "இன்னொருக்கா பண்ணலாம்."

இது வைத்தியம். பிசியோதெரபி செய்ய வரும் நித்தியகலா சொன்னது. பிடித்த பொருளைக் கையில் கொடுங்கள், ஆசைக்காகவாவது விரல் மடங்கும் என்றாள். சீட்டு என்றால் ரொம்ப நல்லது என்றாள். பாவம், நல்ல பெண். கடையில் தொங்குகிற சாதாரணச் சீட்டுக்கட்டைத்தான் அவள் நினைத்திருப்பாள்.

அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் பிரித்த கட்டுகள்தான். வட்ட வட்டமான மைசூர்ச் சீட்டுகள், வாளும் கோப்பையும் வரைந்த ஸ்பெயின் சீட்டுகள், விமானத்தில் சும்மா கொடுத்தவை, நகத்தளவே இருக்கும் பொம்மைச் சீட்டுகள். அவர் கண்ணாலேயே கீழ்த்தட்டைக் காட்டினார்.

அவர் கண் போன திசையை அவள் நிதானமாகப் பார்த்தாள்.

பிறகு ஸ்டூல் போட்டு, பிரிக்காத கட்டுகள் இருந்த மேல்தட்டுக்கு ஏறினாள்.

தினம் ஒரு கட்டு.

அவளுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் முதலில் நினைத்தார். எப்படித் தெரியும்? அந்த அலமாரிப் பக்கம் அவளை அண்டவிட்டதே இல்லையே. கல்யாணமான புதிதில் ஒரு நாள், ஊரிலிருந்து வந்த தன் தம்பியோடு சேர்ந்து ஒரு கட்டைப் பிரித்து ரம்மி போட்டாள். கிழிந்த தாளைப் பார்த்த அவர், தம்பியின் கண்ணெதிரிலேயே அவளை அறைந்தார். தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போனான். சாகும்வரை அந்த வீட்டில் அவன் கை நனைக்கவில்லை.

அவர் அதைச் சுத்தமாக மறந்திருந்தார். படுக்கையில் விழுந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

யானைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும் என்பார்கள். இந்தப் பூனை அவசரப்படவில்லை. வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தது. புண் வராமல் முதுகுக்குப் பவுடர் போட்டது. கட்டைப் பிரித்தது.

மேல்தட்டில் பாதி காலி. மீதிப் பாதியில்தான் அவருடைய உயிர் இருந்தது.

நித்தியகலா வந்தாள். கையைத் தூக்கினாள், மடக்கினாள், விட்டுப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

கூடத்தில் அவள் பேசியது அவருக்கும் கேட்டது. இத்தனை நாளில் ஒரு விரலாவது அசைந்திருக்க வேண்டும். இன்றும் இல்லையென்றால் இந்தக் கை இனிமேல் கிடையாது. சீட்டை நிறுத்திவிட்டு இடது கையைப் பழக்கலாம்.

சீட்டை நிறுத்திவிடலாம்.

அது மட்டும்தான் அவர் மனதில் நின்றது.

நித்தியகலா கை கழுவப் போனாள். மனைவி கட்டிலோரம் வந்து உட்கார்ந்தாள். சிதறியவற்றைப் பொறுக்கி மறுபடி விரித்தாள். அவர் கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகச் சீட்டின் மேல் மடித்தாள்.

கட்டைவிரல் அசைந்தது.

அவர் சொல்லி அசையவில்லை. அதுவாகவே மடங்கி ஒரு சீட்டை அழுத்திப் பிடித்தது. விடவில்லை.

இவ்வளவு சந்தோஷம் தன் வாழ்நாளில் எந்தக் கட்டு கைக்கு வந்தபோதும் வந்ததில்லை என்று அவருக்குத் தோன்றியது.

அவள் உள்ளங்கை அடியிலேயே இருந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், சீட்டுகளை மெல்ல உருவிக்கொண்டாள்.

நித்தியகலா உள்ளே வந்தாள். "ஐயா, கட்டைவிரலை மட்டும் ஒருக்கா மடக்கிக் காட்டுங்க, பாக்கலாம்."

மடக்கலாம். இன்று விரல், பிறகு மணிக்கட்டு. பிறகு தானே பிசைந்து சாப்பிடலாம். வேண்டாம் என்று எழுதிக்கூடக் காட்டலாம். ஆனால் அதற்கு மாதக்கணக்காகும். அதற்குள் மேல்தட்டில் ஒன்றும் மிஞ்சாது.

அவர் மேல்தட்டைப் பார்த்தார்.

விரலை அடக்கிக்கொண்டு கட்டையாகக் கிடந்தார்.

"ஐயா, இன்னொருக்கா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

நித்தியகலா அவளிடம் திரும்பினாள். "நீங்க கூடவே இருக்கீங்கம்மா. எப்பவாச்சும் அசைஞ்சுதுங்களா?"

இப்போது சொல்லிவிடுவாள். சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லக் கூடாது என்றும் இருந்தது.

"இல்ல கண்ணு," என்றாள் அவள். "துளிகூட அசையல."

நித்தியகலா அவள் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னாள். நாளையிலிருந்து இடது கை என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவள் அலமாரியைப் பூட்டினாள். அவர் கன்னத்தில் வழிந்ததை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"அழுவாதீங்க," என்றாள். "மிச்சமிருக்கறத இனி யாரும் தொட மாட்டாங்க."

பிறகு அந்த வலது கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இறுக்கமாகச் செருகினாள்.