ருபிடியம் மறக்கிறது

“பெல்ட்டைத்தான் கழட்டிட்டேனே, இன்னும் என்ன—”

“அப்புறம் ஏன் அலை படுக்குது? நீங்க கிட்ட வந்தாலே படுக்குது, கான்னோ-சான்.”

கான்னோ ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்தபடி நின்றான். சாவி, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி எல்லாம் ஏற்கெனவே ஆய்வுக்கூட வாசலில் செருப்புகளோடு கிடந்தன.

சண்டை ஒரு கண்ணாடிக் குப்பிக்காக. உள்ளே ருபிடியம் என்ற உலோகத்தின் ஆவி. அதன் அணுக்களை லேசரால் ஒரே பக்கம் திருப்பி நிறுத்தியிருந்தாள் ஒனோதெரா. குப்பியின் சுவரில் மோதினால் திரும்பிய திசையை மறந்துவிடும் என்று உட்புறம் மெழுகும் பூசியிருந்தாள்.

ஆனால் காந்தத்துக்கு மெழுகு என்ன செய்யும்? காந்தம் புகாத உறையின் மூடியைத் திறந்து அவள் குனிந்து சரிசெய்யும்போதெல்லாம், அணுக்கள் திசை மாறாமல் நிற்பதைக் காட்டும் அலை திரையில் சட்டென்று படுத்துவிட்டது. அப்போதெல்லாம் பக்கத்தில் விளக்குப் பிடித்து நின்றவன் கான்னோ.

மதியம் மானியக் குழு வருகிறது. அலை நின்று காட்டினால் அடுத்த வருடமும் ஒனோதெராவுக்கு வேலை உண்டு. இல்லையென்றால் செண்டாய் நகரத்தைவிட்டு மூட்டை கட்ட வேண்டியதுதான். காந்தத்தோடு உள்ளே வந்த ஆள் யாரானாலும் இன்று குழுவின் கண்ணில் படக்கூடாது என்று பேராசிரியர் ஹகா வேறு காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஜிப்பும் உலோகம்தானே என்று அவள் ஆரம்பித்தாள். கான்னோ முகம் சிவந்து, தானே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

திரையில் அலை அழகாக எழுந்து நின்றது.

பார்த்தாயா என்பதுபோல் கதவை ஒரு முறை முறைத்துவிட்டு, விளக்கைத் தானே பிடித்துக்கொண்டு ஒனோதெரா குனிந்தாள்.

அலை படுத்தது.

நிமிர்ந்தாள். எழுந்தது. குனிந்தாள். படுத்தது.

வாரக்கணக்காகக் குனிந்து குனிந்து அவளுக்குத் தோள் இறுகிப்போயிருந்தது. கை தானாகச் சட்டைக்குள் போய்த் தோள்பட்டையைத் தடவியது. தோள்வலிக்கென்று மருந்துக்கடையில் வாங்கி ஒட்டிய வட்டப் பட்டைகள். தோலோடு தோலாகிப்போனவை. ஒவ்வொன்றின் நடுவிலும் மிளகளவு காந்தம்.

வெளியே பேராசிரியரின் குரல் கேட்டது. யார் என்று தெரிந்ததா என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஒனோதெரா சட்டைக்குள் போன கையை எடுக்க மறந்து நின்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் கான்னோ தலை தாழ்த்தியிருக்க வேண்டும். குரல் தரையிலிருந்து வந்தது.

“மன்னிச்சிடுங்க, சென்செய். நான்தான். கடைவாய்ப் பல்லை அடைச்சிருக்கேன், அதுவா இருக்கும்.”