அவுட்டுன்னா என்ன அர்த்தம்?

"கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு. கல்லு மாதிரில்ல நிக்கா!"

தீக்காய வார்டு வாசலில் கற்பகம் முணுமுணுத்தாள். பாவம், யாரையாவது ஏசினால்தான் அவளுக்கும் மனசு ஆறும் போல.

வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் காலையில் வெடி விபத்து. மருந்து கலந்துகொண்டிருந்த முனியராஜும் முத்துப்பாண்டியும் உள்ளே கிடந்தார்கள்.

முனியராஜ் பெண்டாட்டி வேலுத்தாய், கற்பகத்தின் தங்கச்சி. தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தாள். முத்துப்பாண்டி பெண்டாட்டி பாண்டிச்செல்விதான் சுவரோரம் நின்றவள். சிவகாசியில் டைரி அச்சடிக்கிற கம்பெனியில் வெளிமாநில ஆர்டர் போன் எடுக்கிறவள்.

"இங்கிலீசு பேசுறவள்ல... அழுதா கவுரவம் கொறஞ்சிரும்!"

கதவு திறந்தது. இளம் டாக்டர், வடநாட்டுக்காரர். தமிழ் வராது.

"முனியராஜ்... அவுட் ஆஃப் டேஞ்சர்" என்றார்.

அவ்வளவுதான்.

"ஐயோ, அவுட்டுங்காரே! எம் மனுசன் அவுட்டாயிட்டாரே!"

வேலுத்தாய் மாரில் அறைந்துகொண்டாள். அவர்கள் ஊர்ப்பக்கம் 'ஆளு அவுட்டு' என்றால் செத்தாச்சு என்றுதானே அர்த்தம்! கற்பகமும் சேர்ந்து ஒப்பாரி வைத்தாள். அந்தச் சத்தத்தில், டாக்டர் குரலைத் தணித்து அடுத்துச் சொன்னது பாண்டிச்செல்விக்கு மட்டும்தான் கேட்டது.

அவள் ஒரு நிமிசம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் ஓடிவந்து வேலுத்தாயின் கைகளைப் பிடித்தாள்.

"அழாதீகக்கா! அவுட்டுன்னா அது இல்ல. ஆபத்துல இருந்து வெளிய வந்துட்டாருன்னு அர்த்தம். அண்ணன் பொழச்சுக்கிட்டாரு!"

"நெசமாவா தாயி?"

"சத்தியமாக்கா."

வேலுத்தாய் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். கற்பகம் முந்தானையில் மூக்கைத் துடைத்தபடி, "நல்ல சேதி சொல்லயிலயாச்சும் ஒரு சிரிப்பு வருதா பாரு" என்றாள்.

வேலுத்தாய்க்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"ஒன் வீட்டுக்காரரப் பத்தி டாக்டரு என்ன சொன்னாரு தாயி?"

"'டிட்ன்ட் மேக் இட்'ன்னாருக்கா."

"அப்படின்னா?"

"எங்க ஆபீஸ் போன்ல அடிக்கடி சொல்லுவாங்க. வர முடியலன்னு அர்த்தம்."

"எங்கன வர முடியலயாம்?"

பாண்டிச்செல்விக்கு உதடு கோணியது.

"வீட்டுக்குக்கா... இனிமே, வீட்டுக்கு."